அமெரிக்க ஃபெடரல் கோர்ட்: எந்தக் கதவு, எத்தனை நாள்

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் இரண்டு வகை கோர்ட்டுகள் இருக்கும். ஒன்று மாநிலத்துடையது, மற்றொன்று ஃபெடரல் அரசுடையது. மாநிலக் கோர்ட்டுக்கு ஒரு படி மேலே இருப்பதுதான் ஃபெடரல் கோர்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இரண்டும் தனித்தனி ஏணிகள். வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் மட்டும்தான் அவை சந்திக்கின்றன.

விவாகரத்து, குழந்தை யாரிடம் வளர்வது, உயில், வாடகைத் தகராறு, சாலை விபத்து, திருட்டு எல்லாம் பெரும்பாலும் மாநிலக் கோர்ட்டின் வேலை. அரசியல் சாசனமும் அமெரிக்கக் காங்கிரஸும் கொடுத்த அதிகாரத்துக்குள் வரும் வழக்கை மட்டுமே ஃபெடரல் கோர்ட் எடுக்கும். அதனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள்: சரியான கதவைத் தட்டினீர்களா, உரிய நாளுக்குள் வந்தீர்களா. வக்கீல் இல்லாமல் நடத்தப்படும் வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் சறுக்குகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவற்றுக்கே அதிக இடம்.

கட்டமைப்பு, சுருக்கமாக

முதல் படி மாவட்ட நீதிமன்றம். நாடு முழுவதும் 94 ஃபெடரல் மாவட்டங்கள் உள்ளன. சிறிய மாநிலத்துக்கு ஒன்று. கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க் மூன்றுக்கும் தலா நான்கு. எல்லைகள் பெரும்பாலும் மாநில எல்லைகளை மீறுவதில்லை. யெல்லோஸ்டோன் பூங்கா ஒரு விதிவிலக்கு: அதன் மொன்டானா, ஐடஹோ பகுதிகளும் வயோமிங் மாவட்டத்தில்தான் அடங்கும். வழக்கு தொடங்குவதும், சாட்சி சொல்வதும், ஜூரி உட்காருவதும் இந்த முதல் படியில்தான்.

இரண்டாம் படி மேல்முறையீட்டு நீதிமன்றம். சர்க்யூட் என்பார்கள். எண்ணிட்ட சர்க்யூட்டுகள் 11, தலைநகருக்கு ஒன்று, காப்புரிமை போன்ற குறிப்பிட்ட விஷயங்களுக்காக 1982-இல் உருவான ஃபெடரல் சர்க்யூட் ஒன்று, ஆக 13. மூன்றாம் படியான உச்ச நீதிமன்றத்தில் 1869 முதல் ஒன்பது நீதிபதிகள். இந்த மூன்று படிகளிலும் உள்ள நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. பதவி ஆயுள்காலத்துக்கு.

மாவட்ட நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் நீதிபதி என்று இன்னொருவரும் இருப்பார். எட்டு ஆண்டு பதவிக்காலம் கொண்டவர். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் முழு சிவில் வழக்கையும் அவரே விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம். சம்மதக் கடிதம் தபாலில் வந்தால் அதை அலட்சியம் செய்யாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள். மாவட்ட நீதிபதியின் நாட்காட்டியில் கிரிமினல் வழக்குகள்தான் முன்னே நிற்கும், மாஜிஸ்திரேட்டிடம் விசாரணைத் தேதி சீக்கிரம் கிடைக்க வாய்ப்புண்டு.

முதல் கதவு: ஃபெடரல் சட்டக் கேள்வி

உங்கள் கோரிக்கையே ஃபெடரல் சட்டத்திலிருந்தோ அரசியல் சாசனத்திலிருந்தோ பிறந்திருந்தால் இந்தக் கதவு திறக்கும். வேலையில் இனப் பாகுபாடு, ஃபெடரல் சட்டப்படி ஓவர்டைம் கூலி, காப்புரிமை, காவலர் அத்துமீறல் ஆகியவை உதாரணங்கள். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் கடுமையானது. ஃபெடரல் கேள்வி வாதியின் பிராதிலேயே, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவிலேயே, இருக்க வேண்டும். எதிராளி ஃபெடரல் சட்டத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார் என்பது போதாது. மாட்லி தம்பதியின் வழக்கு இதற்குப் பாடமாக நிற்கிறது. 1871-இல் கென்டக்கியில் நடந்த ரயில் விபத்தில் காயமடைந்த அவர்களுக்கு, இழப்பீடாக ஆயுள் முழுவதும் இலவசப் பயணம் தருவதாக ரயில்வே கம்பெனி ஒப்பந்தம் போட்டது. 1906-இல் காங்கிரஸ் இலவசப் பாஸ்களைத் தடை செய்தது. கம்பெனி பாஸைப் புதுப்பிக்க மறுத்தது. தம்பதி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள், வென்றார்கள். உச்ச நீதிமன்றம் 1908-இல் அந்த வெற்றியை ரத்து செய்தது. அவர்களுடைய கோரிக்கை ஒப்பந்த மீறல், அது மாநிலச் சட்டம். 1906-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் பதிலில்தான் வரும். அதிகார வரம்பு இல்லை என்று இரு தரப்பும் சொல்லவே இல்லை. நீதிபதிகளே கண்டுபிடித்தார்கள். தம்பதி மாநிலக் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கி, 1911-இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை வந்து தோற்றார்கள்.

அதிகார வரம்பு இல்லாத குறையை எதிராளியின் சம்மதத்தாலோ மௌனத்தாலோ சரிசெய்ய முடியாது. வழக்கின் எந்தக் கட்டத்திலும், மேல்முறையீட்டிலும்கூட, அது வெளிவரலாம். அன்றோடு செலவிட்ட ஆண்டுகள் வீண்.

இரண்டாம் கதவு: வெவ்வேறு மாநிலத்தார்

வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலக் குடிமக்களாக இருந்து, கோரும் தொகை 75,000 டாலருக்கு மேல் இருந்தால், மாநிலச் சட்ட வழக்கையும் ஃபெடரல் கோர்ட் எடுக்கும். 1938-இல் எரி ரயில்வே வழக்கில் முடிவானபடி, அப்போதும் வழக்கின் உள்ளடக்கத்துக்கு மாநிலச் சட்டமே பொருந்தும். நடைமுறை மட்டும் ஃபெடரல்.

இந்தக் கதவில் பொறிகள் அதிகம். முதலாவது தொகை. சரியாக 75,000 என்றால் போதாது, ஒரு சென்டாவது கூட வேண்டும். வட்டியையும் கோர்ட் செலவையும் சேர்க்கக்கூடாது. அடுத்தது, வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலமாக இருந்தாலே கதவு மூடிவிடும். இது 1806 முதல் இருந்துவரும் விதி.

யார் எந்த மாநிலம் என்று பார்ப்பதில்தான் மிகுந்த குழப்பம். தனிமனிதருக்கு, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு அவர் வாழும் மாநிலம். வழக்குத் தாக்கலான நாளின் நிலைதான் கணக்கு. கார்ப்பரேஷனுக்கு இரண்டு மாநிலங்கள்: பதிவான மாநிலம், தலைமையகம் இயங்கும் மாநிலம். எல்.எல்.சி. (உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) என்றால் பதிவான இடம் கணக்கில்லை. அதன் ஒவ்வோர் உறுப்பினரும் எந்த மாநிலமோ அத்தனையும் அதன் மாநிலங்கள். உறுப்பினர் இன்னொரு எல்.எல்.சி. என்றால் அதற்குள்ளும் தோண்ட வேண்டும். 'டெலவேர் எல்.எல்.சி.' என்று எழுதிவிட்டு நிறுத்துவது வக்கீல்களே செய்யும் பிழை. 2022 டிசம்பரிலிருந்து, இந்தக் கதவு வழியாக வரும் வழக்குகளில் ஒவ்வொரு தரப்பும் தன் குடியுரிமை நிலையைத் தனி அறிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி இருப்பது இதனால்தான்.

வெளிநாட்டுக் குடிமகன் ஒரு மாநிலத்தவர் மீது இந்த வழியில் வழக்குப் போடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர், தான் வாழும் அதே மாநிலத்தவர் மீது போட முடியாது. இரு பக்கமும் வெளிநாட்டார் மட்டுமே என்றால் கதவு இல்லை. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட அமெரிக்கக் குடிமகனுக்கும் இந்தக் கதவு இல்லை. அவர் எந்த மாநிலத்தவரும் அல்ல, வெளிநாட்டவரும் அல்ல.

தொகையும் மாநிலமும் பொருந்தினாலும் விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு, உயில் நிரூபணம் ஆகியவற்றை ஃபெடரல் கோர்ட் தொடாது. மாநிலக் கோர்ட்டில் தோற்றுவிட்டு, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யும்படி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதும் பலிக்காது. மாநிலத்தின் உச்சப் படி வரை போய், ஃபெடரல் கேள்வி இருந்தால் அங்கிருந்து நேரே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனுச் செய்வதுதான் வழி.

அரசுக்கு எதிராக என்றால் முதலில் அலுவலகப் படி

ஃபெடரல் அரசு தானாகச் சம்மதித்த விஷயங்களில் மட்டுமே அதன் மீது வழக்குப் போட முடியும். அந்தச் சம்மதத்தோடு நிபந்தனைகளும் வரும். அரசு வாகனம் மோதியது, அரசு மருத்துவமனையில் தவறு நடந்தது போன்றவற்றுக்கு நேரே கோர்ட்டுக்குப் போனால் தள்ளுபடிதான். இரண்டு ஆண்டுக்குள் சம்பந்தப்பட்ட துறைக்கு எஸ்.எஃப். 95 என்ற படிவத்தில் இழப்பீட்டுத் தொகையை எண்ணால் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும். 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதினால் அது கோரிக்கையாகவே எண்ணப்படாமல் போகலாம். துறைக்கு ஆறு மாதம் அவகாசம். மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு. படிவத்தில் எழுதிய தொகைக்கு மேல் பின்னால் கேட்பது பொதுவாக முடியாது, அதனால் தொகையை யோசித்து எழுதுங்கள். இந்த வழக்குகளில் ஜூரி கிடையாது.

வேலைப் பாகுபாட்டுக்கும் இதே மாதிரி ஒரு முன்படி உண்டு. சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள், மாநிலத்திலும் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் 300 நாளுக்குள் புகார். பிறகு அவர்கள் தரும் 'வழக்குத் தொடரும் உரிமை' கடிதம் கைக்கு வந்து 90 நாளுக்குள் கோர்ட். சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டால், துறையின் கடைசி முடிவு வந்த பின் 60 நாள்.

பெயரில் கோர்ட் என்று இருந்தும் இந்த மூன்று படி ஏணியில் இல்லாதவையும் உண்டு. குடியேற்றக் கோர்ட் நீதித்துறைக் கிளையைச் சேர்ந்ததே அல்ல. அது நிர்வாகக் கிளையில் உள்ள நீதி அமைச்சகத்தின் அலுவலகம். அங்கே தோற்றால் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், அதன் பிறகு 30 நாளுக்குள் நேரே சர்க்யூட். மாவட்ட நீதிமன்றம் நடுவில் வராது. கட்டிய வரி குறைவு என்று சொல்லும் வரித்துறையின் பற்றாக்குறை அறிவிப்பு வந்தால், முதலில் பணம் கட்டாமலே வாதாட இடம் தருவது வரி நீதிமன்றம் மட்டுமே. கட்டணம் 60 டாலர். அறிவிப்பு தேதியிலிருந்து 90 நாள், அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவருக்கு 150 நாள்.

தாக்கல் செய்வது

பிராது, ஜே.எஸ். 44 என்ற முகப்புத் தாள், பிரதிவாதி ஒவ்வொருவருக்கும் ஏ.ஓ. 440 சம்மன் படிவம், கட்டணம். இவை நான்கும் ஒன்றாகக் கைவசம் இருக்கட்டும். படிவங்கள் ஃபெடரல் நீதித்துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கட்டணம் 2023 டிசம்பர் முதல் 405 டாலர்: 350 சட்டப்படி, 55 நிர்வாகத்துக்கு. கட்ட முடியாதவர் வருமானம், செலவு, சொத்து விவரங்களைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் விலக்குக் கேட்கலாம். ஒரு விளைவையும் தெரிந்துகொள்ளுங்கள்: விலக்குக் கேட்டால், சம்மன் போவதற்கு முன்பே நீதிபதி பிராதைப் படித்து, சாரமில்லை என்றால் தள்ளுபடி செய்யலாம்.

பிராது நீளமாக இருக்க வேண்டியதில்லை. அதிகார வரம்பு எங்கிருந்து வருகிறது, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்ற மூன்றையும் எண்ணிட்ட பத்திகளில் எழுதினால் போதும். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2007, 2009 தீர்ப்புகளுக்குப் பிறகு வெறும் முடிவுரைகளை நீதிபதி ஏற்பதில்லை. 'மேலாளர் என்னிடம் பாகுபாடு காட்டினார்' என்பது முடிவுரை. எந்தத் தேதியில், யார், யார் முன்னால், என்ன வார்த்தை சொன்னார், அதே தகுதி உள்ள மற்றவரை எப்படி நடத்தினார் என்பவைதான் உண்மை விவரங்கள். பிராதுகள் ஆரம்பத்திலேயே விழுவதற்குப் பெரிய காரணம் இந்த வேறுபாடு புரியாததுதான்.

தாக்கல் செய்யும் எதுவும் பொதுமக்கள் பார்வைக்குப் போகும். சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றில் கடைசி நான்கு இலக்கம் மட்டும், பிறந்த தேதியில் ஆண்டு மட்டும், சிறுவர்களுக்குப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்க வேண்டும். இணைப்பாக வைக்கும் பழைய கடிதங்களிலும் இவற்றை மறைக்க வேண்டும். அதை கோர்ட் ஊழியர் உங்களுக்காகச் செய்ய மாட்டார்.

தனிமனிதர் தனக்காகத் தானே வாதாடலாம். கம்பெனிக்கு அந்த உரிமை இல்லை, ஒரே ஆள் நடத்தும் எல்.எல்.சி.யாக இருந்தாலும் வக்கீல் வேண்டும். வக்கீல் அல்லாத பெற்றோர் குழந்தையின் சார்பில் வழக்கு நடத்துவதையும் பெரும்பாலான சர்க்யூட்டுகள் ஏற்பதில்லை. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நீங்களே பொறுப்பு. செயற்கை நுண்ணறிவு கற்பனை செய்த வழக்குகளை மேற்கோள் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிபதி ஒருவர் வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். மேற்கோள் காட்டும் தீர்ப்பைக் கையில் எடுத்துப் படிக்காமல் எழுதாதீர்கள்.

சம்மன் சேர்ப்பது

தாக்கல் செய்தாலே எதிராளிக்குத் தகவல் போய்விடும் என்று நினைத்து உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. சம்மனையும் பிராதையும் சேர்ப்பிக்க வேண்டியது வாதியின் வேலை, 90 நாளுக்குள். 18 வயது நிறைந்த, வழக்கில் தரப்பாக இல்லாத எவரும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நீங்களே கொடுத்தால் செல்லாது.

செலவு குறைந்த வழி, சார்வு விலக்கு கேட்பது: முறைப்படி சம்மன் சேர்ப்பிக்கத் தேவையில்லை என்று பிரதிவாதியையே எழுதித் தரச் சொல்வது. பிராதின் நகல், விலக்குப் படிவம் இரண்டு பிரதி, தபால்தலை ஒட்டிய பதில் உறை எல்லாவற்றையும் அனுப்புங்கள். பிரதிவாதி கையெழுத்திட்டு அனுப்பினால், பதில் தாக்கல் செய்ய அவருக்கு 21 நாளுக்குப் பதில் 60 நாள் கிடைக்கும். அதனால் பலர் சம்மதிப்பார்கள். தக்க காரணமில்லாமல் மறுப்பவர், பிறகு சம்மன் சேர்க்க ஆகும் செலவைத் தாங்க வேண்டும்.

பிரதிவாதி ஃபெடரல் அரசு என்றால் இந்த விலக்கு முறை இல்லை. அந்த மாவட்டத்தின் அமெரிக்க அட்டர்னி அலுவலகத்துக்கு ஒன்று, வாஷிங்டனில் உள்ள அட்டர்னி ஜெனரலுக்குப் பதிவுத் தபாலிலோ சான்றிட்ட தபாலிலோ ஒன்று, ஒரு துறையின் உத்தரவை எதிர்த்தால் அந்தத் துறைக்கும் ஒன்று என மூன்று இடத்துக்கும் போக வேண்டும். துறைக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்ற இரண்டை மறப்பது வாடிக்கையான பிழை. அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள் உண்டு, அதற்கு முன்பே 'எதிராளி பதில் தரவில்லை' என்று சொல்லித் தீர்ப்புக் கேட்டு அவசரப்படாதீர்கள்.

நாள் எண்ணும் முறை

நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் எண்ணிக்கையில் சேரும். கடைசி நாள் மட்டும் அவற்றில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்கு நகரும். மார்ச் 3 அன்று தீர்ப்பு பதிவானால் 30-ஆவது நாள் ஏப்ரல் 2. அது சனிக்கிழமை என்றால் ஏப்ரல் 4 திங்கள்.

எதிராளி தபாலில் அனுப்பிய மனுவுக்குப் பதில் சொல்லும் கெடுவில் மூன்று நாள் கூடும். மின்னணு முறையில் வந்ததற்கு 2016 முதல் அந்த மூன்று நாள் இல்லை. பழைய வழிகாட்டிகளை நம்பி அந்த மூன்று நாளைச் சேர்த்து எண்ணி மாட்டிக்கொள்ளாதீர்கள். மின்னணுத் தாக்கலுக்கு பொதுவாக அந்த கோர்ட் இருக்கும் ஊரின் நள்ளிரவு வரை நேரம். ஆனால் மூன்றாம் சர்க்யூட் 2023 முதல் மாலை 5 மணியோடு முடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உள்ளூர் விதிகள் உண்டு, ஒவ்வொரு நீதிபதிக்கும் தனி நடைமுறைக் குறிப்பு உண்டு. இரண்டையும் கோர்ட் தளத்திலிருந்து எடுத்துப் படித்த பிறகே எதையும் தாக்கல் செய்யுங்கள்.

கெடு எவ்வளவு கறாரானது என்பதற்கு 2007-இல் வந்த பவுல்ஸ் தீர்ப்பைப் பாருங்கள். மேல்முறையீட்டு அவகாசத்தை மீண்டும் திறக்கச் சட்டம் அனுமதித்தது 14 நாள். மாவட்ட நீதிபதி கவனக்குறைவாக 17 நாள் என்று உத்தரவில் எழுதிவிட்டார். அதை நம்பி 16-ஆவது நாளில் தாக்கல் செய்தார் பவுல்ஸின் வக்கீல். உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மேல்முறையீடு செல்லாது என்றது. சட்டமே விதித்த கெடுவை நீட்ட நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. எனவே உத்தரவில் உள்ள தேதியைக்கூட மூலச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாநிலக் கோர்ட்டிலிருந்து இழுக்கப்பட்டால்

நீங்கள் மாநிலக் கோர்ட்டில் போட்ட வழக்கு ஃபெடரல் கதவுக்கும் பொருந்துமானால், பிராது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் பிரதிவாதி அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றலாம். முன் அனுமதி தேவையில்லை, ஓர் அறிவிப்பு போதும். முறையாகச் சம்மன் பெற்ற எல்லாப் பிரதிவாதிகளும் சம்மதிக்க வேண்டும். இரண்டாம் கதவு வழியாக மட்டும் வருவது என்றால், சம்மன் பெற்ற பிரதிவாதி அதே மாநிலத்தவராக இருக்கக்கூடாது, வழக்குத் தொடங்கி ஓராண்டும் தாண்டியிருக்கக்கூடாது.

நடைமுறைக் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பக் கேளுங்கள், தவறினால் அந்த ஆட்சேபணை போய்விடும். அதிகார வரம்பே இல்லை என்பதை எப்போதும் சொல்லலாம். ஃபெடரல் சட்டக் கோரிக்கையால் மட்டுமே மாற்றப்பட்ட வழக்கில் ஒரு வழி இருக்கிறது: 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வாதி பிராதைத் திருத்தி ஃபெடரல் கோரிக்கைகளை நீக்கிவிட்டால் வழக்கு மாநிலக் கோர்ட்டுக்கே திரும்ப வேண்டும்.

டிஸ்கவரி முதல் விசாரணை வரை

இரு தரப்பும் தங்களிடம் உள்ள ஆதாரங்களைப் பரிமாறிக்கொள்ளும் கட்டத்தை டிஸ்கவரி என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் நீள்வது, பணம் கரைவது எல்லாம் இங்கேதான். எழுத்துக் கேள்விகள் 25, நேர்முக வாக்குமூலங்கள் ஒரு தரப்புக்கு 10, ஒவ்வொன்றும் ஒரே நாளில் ஏழு மணி நேரம் வரை. இவை பொது எல்லை, நீதிபதி மாற்றலாம். எதிராளி 'இவற்றை ஒப்புக்கொள்கிறீர்களா' என்று ஒரு பட்டியல் அனுப்பினால் கவனம் தேவை: 30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் அத்தனையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பதில் எழுதாமல் விட்ட அந்த ஒரு தாளாலேயே வழக்கு தோற்கலாம்.

அடுத்து வருவது சுருக்கத் தீர்ப்பு மனு. உண்மை விவரங்களில் மெய்யான தகராறு இல்லை, விசாரணை தேவையில்லை என்பது அதன் சாரம். இதற்கு எதிராகப் பிராதை மறுபடி நீட்டினால் பயனில்லை. சத்திய வாக்குமூலம், ஆவணம், வாக்குமூலப் பிரதியின் பக்க எண் என ஒவ்வொரு விவரத்துக்கும் ஆதாரத்தைச் சுட்ட வேண்டும்.

ஜூரி வேண்டுமென்றால் அதை முன்பே கேட்க வேண்டும். கடைசிப் பதிலுரை சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் அந்த உரிமை கைவிடப்பட்டதாகிவிடும். பிராதின் முதல் பக்கத்திலேயே 'ஜூரி விசாரணை கோரப்படுகிறது' என்று எழுதிவிட்டால் கவலை இல்லை. சிவில் ஜூரியில் 6 முதல் 12 பேர் வரை, தரப்புகள் வேறாக ஒப்புக்கொள்ளாதவரை முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும்.

விசாரணையின்போது ஆட்சேபணையை அந்த இடத்திலேயே, காரணத்தோடு சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதை மேல்முறையீட்டில் எழுப்புவது மிகக் கடினம்.

கிரிமினல் வழக்கின் போக்கு வேறு. பெருங்குற்றத்துக்கு 16 முதல் 23 பேர் கொண்ட கிராண்ட் ஜூரியில் குறைந்தது 12 பேர் ஒப்பினால்தான் குற்றப்பத்திரிகை. கைதான 30 நாளுக்குள் அது வர வேண்டும், பிறகு 70 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். மனுக்கள் நிலுவையில் இருக்கும் காலம் போன்றவை இந்தக் கணக்கில் சேராததால் நடைமுறையில் நீளும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே தரும். சிவில் வழக்கில் அந்த உரிமை இல்லை. 1987 நவம்பருக்குப் பிந்தைய ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் கிடையாது.

வழக்கைப் பின்தொடர

வழக்கு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2:24-சிவி-01234 என்றால், மாவட்டத்துக்குள் இரண்டாம் கிளை அலுவலகம், 2024-ஆம் ஆண்டு, சிவில் வழக்கு, வரிசை எண் 1234. 'சிஆர்' என்றால் கிரிமினல். கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்துகள் நீதிபதியின் பெயர்ச் சுருக்கம்.

ஆவணங்களை பேசர் என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதக் காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. தேடல் முடிவுப் பக்கங்களுக்கும் கணக்கு ஓடும், அவற்றுக்கு அந்த 3 டாலர் உச்சவரம்பு பொருந்தாது என்பதால் பொதுவான பெயரைப் போட்டு நாடு முழுவதும் தேடாதீர்கள்.

மேல்முறையீடு

மேல்முறையீட்டு அறிவிப்பு ஒரே பக்கம்தான்: யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்கு. அதைத் தாக்கல் செய்ய வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம், சர்க்யூட் அல்ல. கட்டணம் 605 டாலர். சிவில் வழக்கில் தீர்ப்பு பதிவான 30 நாள், ஃபெடரல் அரசு தரப்பாக இருந்தால் 60 நாள், கிரிமினல் வழக்கில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவருக்கு 14 நாள். கெடு தாண்டிய 30 நாளுக்குள் தக்க காரணம் காட்டி மாவட்ட நீதிபதியிடம் கொஞ்சம் நீட்டிப்புக் கேட்க வழி உண்டு, ஆனால் அதை நம்பி இருப்பது ஆபத்து.

புதிய விசாரணை கேட்கும் மனுவை 28 நாளுக்குள் போட்டால், அது முடியும்வரை மேல்முறையீட்டுக் கடிகாரம் நிற்கும். 29-ஆவது நாள் போட்டால் கடிகாரம் நிற்காது, அந்த 28 நாளை நீட்டவும் நீதிபதியால் முடியாது. மனு நிலுவையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போதே மேல்முறையீட்டு உரிமை காலாவதியாகிவிடும்.

சர்க்யூட்டில் மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். புதிய சாட்சி, புதிய ஆவணம் எதுவும் கிடையாது; கீழே பதிவானதில் சட்டப் பிழை உண்டா என்பதே கேள்வி. அதனால் அறிவிப்பு கொடுத்த 14 நாளுக்குள் விசாரணையின் எழுத்துப் பிரதிக்கு ஆர்டர் கொடுங்கள். அது இல்லாமல் சாட்சியத்தைப் பற்றி வாதிட்டால் நீதிபதிகளுக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது, அந்த வாதம் விழும். முதன்மை வாதவுரைக்கு 13,000 வார்த்தை வரை இடம். ஏழு குறைகளை மேலோட்டமாகச் சொல்வதைவிட, தீர்ப்பை உண்மையிலேயே மாற்றக்கூடிய இரண்டை ஆழமாக எழுதுவது மேல்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போவது பெரும்பாலும் உரிமையல்ல, அனுமதி கேட்கும் மனு. சர்க்யூட் தீர்ப்பு வந்த நாளிலிருந்து, அல்லது மறுபரிசீலனை மறுக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள். தீர்ப்பைக் கீழ்க் கோர்ட்டுக்கு அனுப்பி சர்க்யூட் பின்னால் தரும் மேன்டேட் உத்தரவின் தேதியிலிருந்து எண்ணுவது பழகிப்போன தவறு. 300 டாலர், 6⅛-க்கு 9¼ அங்குல அளவில் புத்தகமாகத் தைத்த 40 பிரதிகள், 9,000 வார்த்தை எல்லை. வசதியில்லாதவருக்குச் சாதாரணத் தாளில் மூலமும் 10 பிரதியும் போதும், கட்டணமும் இல்லை. ஒன்பது பேரில் நால்வர் ஒப்பினால் வழக்கு எடுக்கப்படும். கீழ்க் கோர்ட் தவறு செய்தது என்பது மட்டும் அங்கே எடுபடாது. ஒரே கேள்விக்கு இரண்டு சர்க்யூட்டுகள் எதிரெதிராகப் பதில் சொல்லியிருக்கின்றன என்று காட்டினால் காது கொடுப்பார்கள். மனு மறுக்கப்பட்டால் கீழ்த் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகப் பொருளில்லை, எடுக்கவில்லை என்பது மட்டுமே.

தீர்ப்பைப் பணமாக்க

வென்றவருக்கு கோர்ட் காசோலை தராது. தீர்ப்பு பதிவான பிறகு 30 நாள் வசூலுக்குத் தடை தானாகவே இருக்கும். தோற்றவர் மேல்முறையீடு முடியும்வரை அந்தத் தடையை நீட்டிக்க விரும்பினால் பிணைப்பத்திரம் தர வேண்டும். அதன் பிறகு வங்கிக் கணக்கு, சம்பளம், சொத்து ஆகியவற்றைப் பிடிக்கும் உத்தரவு, பெரும்பாலும் அந்த மாநிலத்தின் வசூல் நடைமுறைப்படி நடக்கும். சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தால், மேல்முறையீடு முடிந்ததும் அல்லது அதற்கான காலம் கடந்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை அந்த மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே அது அந்த நீதிமன்றமே அளித்த தீர்ப்பைப் போலச் செல்லுபடியாகும், புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை.